பங்குச்சாமியார் வளர்த்த வாசனை

இத்தாலியின் வடமேற்கு மூலையில் பியெமோந்தே மாநிலம். அங்கே ஆஸ்தி நகரிலிருந்து வடகிழக்கே சுமார் 15 கிலோமீட்டர், குன்றுகளில் ஏறி இறங்கினால் காஸ்தஞோலே மொன்ஃபெர்ராத்தோ என்ற ஊர் வரும். மக்கள்தொகை 1,200 சொச்சம். பெயரை முழுதாகச் சொல்லி முடிப்பதற்குள் கார் ஊரைக் கடந்துவிடும். அதனால்தானோ என்னவோ, ஊருக்குள் நுழையும்போதே ஒரு வாசகத்தைப் பலகையில் எழுதி வைத்திருக்கிறார்கள். இங்கே யாராவது உங்களுக்கு ரூகே ஊற்றிக் கொடுத்தால், உங்களை அவர்களுக்குப் பிடித்திருக்கிறது என்று அர்த்தம் என்பது அதன் சாரம்.

படித்தவுடன் வரவேற்புப் பலகை மாதிரிதான் தெரியும். கொஞ்சம் யோசித்தால் வயிற்றைக் கலக்கும். ரூகே தராமல் வேறு எதையாவது தந்தால்? அந்த வட்டாரத்தில் பார்பெரா என்ற சிவப்பு ஒயின் தண்ணீராய்ப் புழங்குகிறது. நல்ல ஒயின்தான், குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் பலகையைப் படித்துவிட்டு ஒரு வீட்டுக்குள் நுழைந்தவர் கையில் பார்பெராவைக் கொடுத்தால் அவர் மனது என்ன பாடுபடும்? மாமியார் வீட்டில் காப்பி எந்த டம்ளரில் வருகிறது என்பதை வைத்துத் தன் மதிப்பைக் கணக்குப் போடும் மாப்பிள்ளைக்குத்தான் அந்த நடுக்கம் புரியும்.

ரூகே என்பது ஒரு கறுப்புத் திராட்சையின் பெயர். அதிலிருந்து வடிக்கும் சிவப்பு ஒயினுக்கும் அதே பெயர்தான். சட்டப்படி முழுப்பெயர் 'ரூகே தி காஸ்தஞோலே மொன்ஃபெர்ராத்தோ'. அந்தப் பெயரைப் பாட்டிலில் ஒட்டிக்கொள்ளும் உரிமை 7 ஊர்களுக்கு மட்டும் உண்டு. ஆண்டுக்குச் சுமார் 10 லட்சம் பாட்டில் தயாராகிறது. கேட்பதற்குப் பெரிய எண்தான். அதே இத்தாலியில் ப்ரொசெக்கோ என்ற நுரை ஒயின் ஆண்டுக்கு 60 கோடி பாட்டிலைத் தாண்டுகிறது. கல்யாண வீடுகளிலும் விமான நிலையங்களிலும் பொங்கி வழிவது அதுதான். ரூகே எங்கேயும் வழிவதில்லை. வழிய விடுவதற்கு அவர்களிடம் சரக்கு இல்லை.

அக்கம்பக்கமும் சாதாரண ஆட்கள் இல்லை. தெற்கே போனால் பரோலோ, பார்பரெஸ்கோ. பரோலோவை 'ஒயின்களின் அரசர்' என்று அழைப்பது வழக்கம். அது வாயில் பட்டவுடன் துவர்ப்பு நாக்கைச் சுருட்டிக்கொள்ளும், 10 ஆண்டு காத்திருந்து குடிக்க வேண்டும் என்பார்கள், குடிப்பவரும் அதற்கேற்ற முகபாவம் காட்ட வேண்டும். அந்த அரசவையின் எல்லைக்கு வெளியே, யாரும் அழைப்பிதழ் அனுப்பாத குன்றுகளில், பூக்கடையைப் போல மணந்துகொண்டு நிற்கிறது ரூகே.

அந்த 7 ஊர்களில் ஒன்று போர்த்தகொமாரோ. போப் பிரான்சிஸின் தந்தைவழிக் குடும்பம் இந்த ஊர்க்காரர்கள்தான். 1929ல் அர்ஜென்டினாவுக்குக் கப்பலேறினார்கள். 2022 நவம்பரில், உறவுக்காரப் பெண்மணி ஒருவரின் 90ஆவது பிறந்தநாளுக்காகப் போப்பே இங்கு வந்து சாப்பிட்டுப் போனார். ரூகேயின் கதையில் கத்தோலிக்கத் திருச்சபை இப்படி அடிக்கடி தலைகாட்டும். அதில் முக்கியமானவர் போப் அல்ல, ஒரு பங்குச்சாமியார்.

அவர் பெயர் தோன் ஜாக்கோமோ கவுதா. 1960களில் காஸ்தஞோலேக்குப் பங்குத்தந்தையாக வந்து சேர்ந்தார். வந்தபோது ஊர் இருந்த நிலை வேறு. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஃபிலோக்ஸெரா என்ற வேர்ப்பூச்சி ஐரோப்பாவின் திராட்சைத் தோட்டங்களைத் தின்று தீர்த்தது. திரும்ப நட்டபோது விவசாயிகள் கணக்குப் பார்த்து நட்டார்கள். பார்பெரா கொத்துக் கொத்தாய்க் காய்க்கும். ரூகே அப்படிக் காய்க்காது. இரண்டாம் உலகப் போர் முடிந்த பிறகு இளைஞர்கள் தூரின் நகரத்து ஃபியட் தொழிற்சாலைக்குப் போய்விட்டார்கள். மாதச் சம்பளம் வரும் இடத்தை விட்டுவிட்டுக் குன்றில் கொடி கட்டிக்கொண்டிருக்க யாருக்குப் பைத்தியம்? ரூகே தோட்ட ஓரங்களில், மற்ற கொடிகளுக்கு நடுவே சில வரிசைகளாகச் சுருங்கிப் போயிருந்தது. அதையும் இனிப்பாக வடித்துப் பண்டிகைக்கும் விருந்துக்கும் வைத்துக்கொண்டார்களே தவிர, விற்பதற்கு என்று யாரும் நினைக்கவில்லை. ஊர்ப் பலகையின் வாசகத்துக்குப் பின்னால் இருக்கும் வழக்கமும் இதுதான். கொஞ்சமாக இருப்பதைப் பிடித்தவர்களுக்குத்தானே எடுக்க முடியும்?

பங்குக்குச் சொந்தமான நிலத்தில் ஒரு திராட்சைத் தோட்டம் இருந்தது. அதிலும் கொஞ்சம் ரூகே. சாமியார் அதைத் தனியாகப் பறித்தார், தனியாக வடித்தார், இனிப்பில்லாத முழுமையான சிவப்பு ஒயினாகச் செய்தார், பாட்டிலில் அடைத்தார். 'பங்குச்சாமியார் தோட்டம்' என்று இத்தாலிய மொழியில் லேபிளும் ஒட்டினார். திருப்பலி முடிந்ததும் அங்கியைக் கழற்றிவிட்டு வேலைக்காரச் சட்டை மாட்டிக்கொண்டு டிராக்டரில் ஏறிவிடுவாராம். பங்கைக் கவனிக்க வேண்டிய நேரத்தில் தோட்டத்தைக் கவனித்ததற்கு ஆண்டவர் தன்னை மன்னிக்கட்டும் என்று பின்னாளில் அவர் சொன்னதாக ஊரில் சொல்கிறார்கள். மன்னிப்புக் கேட்ட கையோடு, ஒயின் விற்ற காசில்தான் பங்குக் கட்டடங்களைப் பழுது பார்த்தேன் என்றும் சேர்த்துச் சொன்னாராம். பாவசங்கீர்த்தனமும் வரவு செலவுக் கணக்கும் ஒரே மூச்சில் வருவது அபூர்வம். ஆண்டவர் என்ன பதில் சொன்னார் என்பது பதிவாகவில்லை. அரசாங்கம் சொன்ன பதில் பதிவாகியிருக்கிறது. 1987ல் ரூகேக்குப் பாதுகாக்கப்பட்ட பெயர் அந்தஸ்து கிடைத்தது. 2010ல் அதை இத்தாலியின் மிக உயர்ந்த ஒயின் தரநிலைக்கு ஏற்றினார்கள். பரோலோ உட்கார்ந்திருக்கும் அதே வரிசை. சாமியார் தோட்டம் கைமாறி, 2016ல் லூக்கா ஃபெராரிஸ் என்ற உள்ளூர்த் தயாரிப்பாளரிடம் வந்தது. லேபிளில் சாமியார் இன்னும் இருக்கிறார்.

இனி வாசனைக்கு வருவோம். அதுதான் விவகாரமே.

சிவப்பு ஒயின் என்றால் பழ வாசனை, மர வாசனை, கொஞ்சம் தோல் வாசனை என்று ஒரு ஒழுங்கு உண்டு. ரூகே அந்த ஒழுங்கை மதிப்பதில்லை. கோப்பையை மூக்கருகே கொண்டுபோனால் ரோஜா. அப்புறம் ஜெரேனியம், வயலெட் பூ, பாதாமிப் பழம், கொஞ்சம் மிளகு. கண்ணை மூடிக்கொண்டு முகர்ந்தால் இனிப்பு ஒயின் என்று சத்தியம் செய்யலாம். வாயில் வைத்தால் துளி இனிப்பு இராது. மூக்கு ஒன்று சொல்ல, நாக்கு அதை மறுக்க, இரண்டுக்கும் நடுவில் குடிப்பவர் முகத்தில் ஒரு குழப்பம் வந்து போகும். காஸ்தஞோலேக்காரர்கள் விருந்தாளிக்கு ஊற்றிவிட்டு முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பதற்குக் காரணம் அன்பு மட்டுமல்ல என்று இந்தக் கட்டுரையாளர் சந்தேகிக்கிறார்.

கட்டுரையாளர் இந்தச் சோதனைக்கு உட்பட்டது ஆஸ்தியில் ஒரு சின்ன உணவகத்தில். பரிமாறியவர் இளைஞர், பக்திமான். கோப்பையை மூன்று முறை சுழற்றி, ரோஜா இதழ், ஜெரேனியம் என்று அர்ச்சனை நாமங்களை வரிசையாகச் சொன்னார். பிறகு, உங்களுக்கு என்ன தெரிகிறது என்று கேட்டார். கட்டுரையாளர் முகர்ந்தார். மறுபடி முகர்ந்தார். தெரிந்தது ஒன்றுதான். தனியா. காம்பு ஆய்ந்து, வெறும் வாணலியில் வறுத்து, அம்மியில் தட்டிய கொத்தமல்லி விதை. அதைச் சொன்னார். இளைஞர் அன்பாகச் சிரித்தார். மருத்துவமனையில் நர்ஸ்கள் வயதானவர்களிடம் சிரிப்பார்களே, அந்தச் சிரிப்பு.

ஆனால் வேதியியல் தனியாவின் பக்கம்தான் நிற்கிறது. மணமுள்ள திராட்சைகளின் வாசனைக்கு டெர்பீன்கள் என்ற சேர்மக் குடும்பம் காரணம். மஸ்கட், மால்வாசியா வகைகளில் இவை தாராளமாக உண்டு. அவற்றில் ஜெரானியால் என்பது ரோஜாவிலும் ஜெரேனியத்திலும் இருக்கிறது. லினலூல் என்பது மல்லிகையிலும் இருக்கிறது, லாவெண்டரிலும் இருக்கிறது. கொத்தமல்லி விதையின் எண்ணெயிலோ பாதிக்கு மேல் லினலூல்தான். ஆகவே லினலூல் மூக்கில் பட்டால் ஆஸ்திக்காரருக்குப் பூந்தோட்டம் தோன்றுவதும், அஞ்சறைப்பெட்டியோடு வளர்ந்தவருக்கு ரசப்பொடி தோன்றுவதும் ஒரே அளவு நியாயம். இதை அந்த இளைஞரிடம் விளக்க வேண்டும் என்று கட்டுரையாளருக்கு ஆசைதான். அதற்குள் அவர் அடுத்த மேசையில் ரோஜா இதழ் தூவிக்கொண்டிருந்தார்.

பொதுவாகவே ஒயின் வாசனை வர்ணனை என்பது கொஞ்சம் துணிச்சலான தொழில். கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தில் ஆன் நோபல் என்ற பேராசிரியை 1980களில் ஒரு வாசனைச் சக்கரம் தயாரித்தார். ஒயினில் வரக்கூடிய வாசனைகளை எல்லாம் வட்டமாக எழுதி வைத்த படம். ஸ்ட்ராபெரி, வெண்ணெய், கிராம்பு எல்லாம் அதில் உண்டு. குதிரை, வியர்வை, நனைந்த நாய் ஆகியவையும் உண்டு. ஒருவர் ஒயினை முகர்ந்துவிட்டு நனைந்த நாய் என்று சொன்னால் அது வசவல்ல, அறிவியல். அந்தச் சக்கரத்தோடு ஒப்பிட்டால் தனியா எவ்வளவோ மேல்.

கண்ணும் மூக்கை ஏமாற்றும். பிரான்ஸில் போர்தோவில் நடந்த ஒரு சோதனை 2001ல் வெளியானது. ஒயின் படிக்கும் மாணவர்கள் 54 பேருக்கு வெள்ளை ஒயினில் வாசனையற்ற சிவப்புச் சாயம் கலந்து கொடுத்தார்கள். அவர்கள் அதற்குச் சிவப்பு ஒயினுக்குரிய வாசனைச் சொற்களையே எழுதினார்கள். ரூகேயை வைத்து இதைத் தலைகீழாக விளையாடலாம். கறுப்புக் கோப்பையில் ஊற்றி நிறத்தை மறைத்துவிட்டால், இது மஸ்கட் திராட்சையின் வெள்ளை ஒயின்தான் என்று பந்தயம் கட்ட எத்தனையோ பேர் கிடைப்பார்கள்.

மிளகு விஷயம் இன்னும் வேடிக்கை. சில சிவப்பு ஒயின்களில் வரும் மிளகு மணத்துக்குக் காரணம் ரோட்டுண்டோன் என்ற சேர்மம் என்று 2008ல் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் கண்டுபிடித்தார்கள். மளிகைக்கடை மிளகின் மணத்துக்கும் அதே சேர்மம்தான் காரணம். அதோடு இன்னொன்றும் தெரிந்தது. ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்கு அந்த மணம் எவ்வளவு கொட்டினாலும் தெரியவே தெரியாது. ஆகவே ஐந்து பேர் உட்கார்ந்து ஒயின் ருசி பார்க்கும் இடத்தில் எல்லோருமே மிளகு, மிளகு என்று தலையாட்டினால், அவர்களில் ஒருவர் பொய் சொல்கிறார் என்று சந்தேகிக்க இடமுண்டு.

இத்தனை மணமும் எங்கிருந்து வந்தது என்பதற்கு ஒரு காலத்தில் அழகான கதை சொன்னார்கள். பிரான்ஸின் பர்கண்டியிலிருந்து துறவிகள் கொண்டுவந்த கொடி என்று. வெளிநாட்டுப் பூர்வீகம் சொல்லிக்கொள்வதில் ஒரு கௌரவம் இருக்கத்தான் செய்கிறது. 2016ல் மரபணு ஆய்வு நடத்தியபோது குட்டு வெளிப்பட்டது. பெற்றோரில் ஒன்று க்ரொவாத்தீனா, பக்கத்து வட்டாரங்களில் இன்றும் விளையும் கறுப்புத் திராட்சை. இன்னொன்று பார்மாவின் மணமுள்ள மால்வாசியா, அநேகமாக வழக்கொழிந்துபோன வகை. நிறம் ஒருவர் கொடுத்தது, மணம் இன்னொருவர் கொடுத்தது. இரண்டு பேருமே வடக்கு இத்தாலிக்காரர்கள். துறவிகள் வெறுங்கையோடுதான் வந்திருக்கிறார்கள்.

சாப்பாட்டு மேசையில்தான் ரூகே தன் முழுக் குணத்தைக் காட்டும். எந்த ஒயினுக்கு எந்தப் பதார்த்தம் என்பது ஐரோப்பாவில் ஜாதகப் பொருத்தம் அளவுக்குச் சிரத்தையாகப் பார்க்கப்படுகிறது. ரூகேயின் ஜாதகம் சிக்கலானது. சாராயச் சத்து 14 சதவீதத்தைச் சுற்றி, சில பாட்டில்களில் அதற்கும் மேலே. புளிப்புக் குறைவு. துவர்ப்பு மிதம். மணம் மட்டும் வானளாவ. இந்த மணத்தைத் தாங்காத சாதுவான உணவு பக்கத்தில் வந்தால் காணாமல் போய்விடும். மணமுள்ள உணவு வந்தால் வேறு சிக்கல். முட்டையின் மேல் சீவிப் போடும் வெள்ளை உணவுக்காளான், அதாவது அந்த வட்டாரத்தின் பெருமையான டிரஃபிள், தன் மணத்துக்காகத்தான் தங்க விலை விற்கிறது. அதோடு ரூகேயைச் சேர்ப்பது ஒரே மேடையில் இரண்டு நாதஸ்வரக் கோஷ்டிகளை வெவ்வேறு ராகத்தில் வாசிக்க விடுவது. கட்டுரையாளரின் சொந்த அபிப்பிராயம் இது. ஆஸ்தியில் இதை ஒப்புக்கொள்ளாதவர்களும் உண்டு.

நிச்சயமாகப் பொருந்துவது அஞோலோத்தி. கன்று, பன்றி, முயல் ஆகியவற்றின் வறுத்த இறைச்சியை அரைத்து மாவுக்குள் பொதிந்து, விரலால் கிள்ளிக் கிள்ளி மூடிய சின்னச் சின்னப் பொட்டலங்கள். வறுவலின் குழம்பையோ, சேஜ் இலை போட்டு உருக்கிய வெண்ணெயையோ மேலே ஊற்றுவார்கள். இறைச்சியின் கொழுப்பு ரூகேயின் சாராயச் சூட்டை அடக்கும், சேஜ் இலையின் மணம் பூ மணத்தோடு கைகோத்துக்கொள்ளும். அருகிலுள்ள கல்லியானோ என்ற ஊரில் இதற்குள் கழுதைக் கறி வைப்பார்கள். அந்த ஊரின் இன்னொரு பெருமை ஆண்டுதோறும் நடக்கும் கழுதைப் பந்தயம். பந்தயத்துக்கும் சமையலறைக்கும் இடையே என்ன ஏற்பாடு என்று கட்டுரையாளர் கேட்கவில்லை. கழுதைகள் வேகமாக ஓடுவதற்குக் காரணம் ஏதோ இருக்கத்தான் வேண்டும்.

வித்தெல்லோ தொன்னாத்தோ இன்னொரு விநோதம். குளிர்ந்த கன்றுக்கறித் துண்டுகளின் மேல் சூரை மீன், நெத்திலி, கேப்பர் மொட்டுகள் சேர்த்து அரைத்த வெள்ளைச் சாந்து. கறியும் மீனும் ஒரே தட்டில். மீனுக்குச் சிவப்பு ஒயின் ஆகாது என்பது பழைய விதி. அதற்குக் காரணம் துவர்ப்பு என்றுதான் வெகுகாலம் சொல்லிவந்தார்கள். ஜப்பானிய ஆய்வாளர்கள் 2009ல் உண்மைக் குற்றவாளியைப் பிடித்தார்கள். ஒயினில் உள்ள இரும்புச் சத்து. அது கூடுதலாக இருந்தால் மீனின் கொழுப்போடு சேர்ந்து கவிச்சையைக் கிளப்பிவிடும். சிவப்பு ஒயின்களில்தான் இரும்பு அதிகம் இருப்பது வழக்கம், ஆனால் எல்லாவற்றிலும் இல்லை. விதி பாதி உண்மை, பாதி வதந்தி. பியெமோந்தேக்காரர்கள் விதியையும் படிக்கவில்லை, ஆய்வையும் எதிர்பார்க்கவில்லை. லேசாகக் குளிரவைத்த ரூகேயோடு இதைச் சாப்பிட்டுக்கொண்டே இருந்தார்கள். கேப்பர் மொட்டின் உப்பும் ரோஜா மணமும் சந்திக்கும் இடம் கட்டுரையாளருக்கு மிகவும் பிடித்தது.

பிறகு பியெமோந்தே பாணி ஃப்ரித்தோ மிஸ்தோ. எண்ணெயில் பொரித்த கதம்பம். ஈரல், மூளை, தொத்திறைச்சி, ஆப்பிள் துண்டு, இனிப்பு ரவைத் துண்டு, பாதாம் பிஸ்கட் எல்லாம் ஒரே தட்டில் ஒரே நிறத்தில் வரும். அடுத்த கவளம் மூளையா பிஸ்கட்டா என்பது கடித்த பிறகே தெரியும். இனிப்பா உப்பா என்று முடிவெடுக்காத இந்தச் சாப்பாட்டுக்கு, இனிப்பா இல்லையா என்று மூக்கைக் குழப்பும் ரூகேயைவிடத் தகுந்த ஜோடி கிடையாது. ஃபினான்ஸியேரா என்றொரு பழைய பதார்த்தமும் உண்டு, சேவலின் கொண்டையும் தாடியும் ஈரலும் போட்டு, வினிகரும் மார்சாலா ஒயினும் சேர்த்து வேகவைத்தது. அதைப் பற்றி இவ்வளவு போதும்.

பாஞ்ஞா கவுதாவைப் பற்றிக் கொஞ்சம் அதிகமாகவே சொல்ல வேண்டும். பூண்டும் உப்பு நெத்திலியும் ஆலிவ் எண்ணெயும் சேர்த்து மெல்லிய தீயில் கரைய விட்ட சூடான குழம்பு. மேசை நடுவில் சிறு விளக்கின் மேல் வைத்து, குடைமிளகாய், முட்டைகோஸ், கார்டூன் தண்டு என்று காய்களை முக்கி முக்கிச் சாப்பிடுவார்கள். கடலே இல்லாத பியெமோந்தேயில் நெத்திலி எப்படி என்றால், மலையூர்க்காரர்கள் கடற்கரையிலிருந்து உப்பு மீனை வண்டியில் ஏற்றி ஊர் ஊராய் விற்றிருக்கிறார்கள். 2005ல் இத்தாலியச் சமையல் கழகத்தின் ஆஸ்திக் கிளை இதன் செய்முறையை ஒரு நோட்டரியிடம் முறைப்படி பதிவு செய்தது. 12 பேருக்கு 12 முழுப் பூண்டு, 600 கிராம் நெத்திலி. தலைக்கு ஒரு தலைப் பூண்டு என்று பத்திரப்பதிவே நடந்திருக்கிறது. சொத்துத் தகராறு வந்தால் காட்டலாம்.

2013 முதல் ஆஸ்தியில் ஆண்டுதோறும் இதற்கொரு விழா நடக்கிறது. அதில் கலந்துகொள்ளும் உணவகங்கள் போக்குவரத்து விளக்குபோல நிறம் வைத்திருக்கின்றன. சிவப்பு என்றால் ஆண்டவர் கட்டளையிட்டபடி முழுப் பூண்டு. மஞ்சள் என்றால் 'பதிதம்', பூண்டின் வீரியத்தைக் குறைத்தது. பச்சை என்றால் 'நாத்திகம்', பூண்டே இல்லாதது. சமையலைப் பற்றி இதைவிடத் தெளிவாக இறையியல் எழுதியவர்கள் உலகில் இல்லை. ரூகேக்கு இதில் என்ன வேலை? உண்மையைச் சொன்னால், சிவப்புப் பிரிவில் வேலையே இல்லை. முழுப் பூண்டு பாஞ்ஞா கவுதாவுக்கு முன்னால் எந்த மணமும் செல்லாது. அங்கே பார்பெராவின் புளிப்புதான் தாக்குப்பிடிக்கும். பதிதர்கள் ரூகே கேட்கலாம். நாத்திகர்களுக்குத் தடையில்லை.

பாலாடைக்கட்டிகளில் கோர்கொன்ஸோலாவோடு ரூகே கச்சிதம். நீலப்பூஞ்சையின் உப்பும் காரமும் ஒயினின் பூ மணத்தை இனிப்பாக மாற்றிக் காட்டும். மூக்கு ஆரம்பத்தில் சொன்ன பொய் கடைசியில் நிஜமாகிவிடும் தருணம் அது.

இப்போது கறி விவகாரம். ரூகேயை வெளிநாட்டில் விற்பவர்களும் அதைப் பற்றி எழுதுபவர்களும் பொருத்தப் பட்டியலின் கடைசியில் தவறாமல் ஒரு வரி சேர்ப்பார்கள். தாய்லாந்து உணவு, இந்தியக் கறி. எந்த இந்தியா, எந்தக் கறி என்றெல்லாம் கேட்கக் கூடாது. மசாலா மணமுள்ள ஒயின், ஆகவே மசாலா உணவு என்பதுதான் கணக்கு. கணக்கில் பாதி சரி. தனியா, பட்டை, கிராம்பு, ஏலக்காய் ஆகியவற்றின் மணத்தோடு ரூகே சொந்தம் கொண்டாடும். லினலூலுக்கு லினலூல் பங்காளி.

மிளகாயில்தான் கணக்கு உதைக்கிறது. மிளகாயின் கேப்சைசின் நாக்கில் சூட்டை உணரும் ஏற்பி ஒன்றைத் தட்டி எழுப்புகிறது. அந்த ஏற்பி சாதாரணமாக 42 டிகிரிச் சூட்டில் விழிப்பது. சாராயம் பட்டால் அதன் வரம்பு 34 டிகிரி அளவுக்கு இறங்கிவிடும் என்று 2002ல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. அதாவது உடம்பின் சொந்தச் சூடே நெருப்பாகத் தெரியும். 14 சதவீத ஒயினைக் குடித்துவிட்டுச் செட்டிநாட்டு மிளகாய்க் கோழியைக் கடித்தால் என்ன நடக்கும் என்பதற்கு ஆய்வகம் தேவையில்லை. புளியும் ஆகாது. உணவின் புளிப்பு ஒயினின் புளிப்பை மிஞ்சினால் ஒயின் சப்பென்று தட்டையாகிவிடும். ரூகேக்கு இயற்கையிலேயே புளிப்புக் குறைவு. ஆகவே வத்தக்குழம்பு கிடையாது. கோப்பைக்குள் தனியா மணத்தைக் காட்டிக் கட்டுரையாளரை மயக்கிய அதே ஒயின், அந்தத் தனியா போட்ட புளி ரசத்தின் முன்னால் வாய் திறக்காது. தேங்காய்ப்பால் தாராளமாக ஊற்றி, மிளகாயைக் கையளவில் அல்லாமல் விரலளவில் போட்ட ஆட்டுக்கறிக் குருமா என்றால் விஷயம் வேறு. கூட நெய்ச்சோறு இருந்தால் நல்லது. பட்டியலில் 'இந்தியக் கறி' என்று இரண்டு சொல்லில் முடித்தவர்கள் இந்த நிபந்தனைகளையும் எழுதியிருக்கலாம். லேபிளில் இடம் போதாது என்பார்கள். ஊர்ப் பெயரே பாதி இடத்தை எடுத்துக்கொள்கிறதே.

ரூகேயைப் பத்தாண்டு புதைத்து வைக்க வேண்டியதில்லை. பூ மணம் இளமையில்தான் பொலியும், சில ஆண்டுகளுக்குள் குடித்துவிடுவது நல்லது. சுமார் 16 டிகிரிக்குக் குளிரவைத்து ஊற்றினால் சாராயம் துருத்தாமல் ரோஜா முன்னால் நிற்கும். பெரிய கோப்பை வேண்டும், மூக்கு நுழைய. அவ்வளவுதான் சம்பிரதாயம்.

பியெமோந்தேயில் முதியவர்களிடம் ஒரு பழக்கம் உண்டு. வெந்த அஞோலோத்தியை ஒரு கிண்ணத்தில் போட்டு, குழம்புக்குப் பதில் சிவப்பு ஒயினை மேலே ஊற்றி, கரண்டியால் அள்ளிச் சாப்பிடுவார்கள். ஆஸ்தியின் அந்தச் சின்ன உணவகத்தில் பக்கத்து மேசைப் பெரியவர் அப்படித்தான் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். கிண்ணத்தில் பார்பெரா, கையருகே கோப்பையில் ரூகே. ரூகேயைக் கிண்ணத்தில் ஊற்றினால் என்ன என்று கட்டுரையாளர் உடைந்த இத்தாலியத்தில் கேட்டார். பெரியவர் கோப்பையைக் கொஞ்சம் தன் பக்கம் நகர்த்தி வைத்துக்கொண்டார். பிறகு, அந்த இளைஞரைக் கூப்பிட்டு, இவருக்கு ஒரு கிளாஸ் பார்பெரா கொடுங்கள், என் கணக்கில் எழுதிக்கொள்ளுங்கள் என்றார்.